காப்பீடு போட்டுவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவு குறையுமா?

வைகைக்கரை வாசகர் ஒருவர் கேட்டது, 28 செப்டம்பர் 2025

"தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 22ஆம் தேதியிலிருந்து பூஜ்யம். இனி ஆளுக்கொரு பாலிசி போட்டுக்கொண்டால் போதுமே. ஏழைகளுக்கு அரசே பிரீமியம் கட்டட்டும். அரசு ஆஸ்பத்திரி, மருந்துக் கொள்முதல் என்று தனியாக எதற்குக் கோடிகோடியாகச் செலவழிக்க வேண்டும்? யாராவது விளக்குங்கள்."

28 செப்டம்பர், இரவு 10.40

நான் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன். 21ஆம் தேதி ராத்திரி கடையை அடைத்த பிறகு, விடிய விடிய கம்ப்யூட்டரில் வரி விகிதம் மாற்றிக்கொண்டிருந்தேன். பெரும்பாலான மருந்துக்கு 12 சதவீதம் 5 ஆனது. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு 12 பூஜ்யமானது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வரி என்பது விலையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன மூட்டை. அடியில் இருக்கும் விலையை யார் வைத்தது என்பதுதான் என் கேள்வி.

பாலிசி பில்லைக் கட்டும். பில்லில் எவ்வளவு எழுதுவது என்பதை அது தீர்மானிக்காது.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். அப்பாவுக்கு 2016இல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். இதய ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளாமல் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய் அது. மருந்து பூசியது, ஒன்று. பில் 2,36,000. அதில் ஸ்டென்ட் மட்டும் 1,18,000. டிஸ்சார்ஜ் ஃபைலில் ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார்கள், கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அப்பா பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஒரு பைக்கையே நெஞ்சுக்குள்ள நிறுத்தி வச்சிருக்கேன்" என்று அந்த ஸ்டிக்கரைக் காட்டுவார்.

2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்டுக்கு உச்சவரம்பு போட்டது. சாதா ஸ்டென்ட் 7,260. மருந்து பூசியது 29,600. அதுவரை மருந்து பூசியது சராசரியாக 1,21,400 வரை போய்க்கொண்டிருந்தது. இறக்குமதி செய்பவர், மொத்த வியாபாரி, ஆஸ்பத்திரி என்று யார் யார் எவ்வளவு வைத்தார்கள் என்ற கணக்கை ஆணையமே வெளியிட்டது. அதிக லாபம் ஆஸ்பத்திரி மட்டத்தில்.

2018இல் அப்பாவுக்கு இன்னொரு குழாயில் அடைப்பு. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். ஸ்டென்ட் வரியோடு 29 ஆயிரத்துச் சொச்சம். "இது சைக்கிள்தான்" என்றார் அப்பா. வீட்டில் எல்லோரும் சிரித்தோம். பில் வந்தபோது 1,94,000. கழித்துப் பார்த்தேன். 2016இல் ஸ்டென்ட் போக மீதி 1,18,000. 2018இல் ஸ்டென்ட் போக மீதி 1,65,000. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் உப்புகிற பலூன் மாதிரி.

29 செப்டம்பர், காலை 7.15

"அரசு தானாகவா ஸ்டென்ட் விலையைக் குறைத்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. டெல்லியில் பீரேந்தர் சங்வான் என்ற வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் பிறகுதான் 2016 ஜூலையில் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலுக்குள் வந்தது. பட்டியலில் இருக்கிற மருந்துக்குத்தான் வழக்கமாக உச்சவரம்பு போடுவார்கள். ஒரு தனி ஆள் கேட்ட கேள்வி என் அப்பாவுக்கு 90 ஆயிரம் மிச்சம் பண்ணியிருக்கிறது. அவரை எனக்குத் தெரியாது. கும்பிட்டுக்கொள்கிறேன்.

29 செப்டம்பர், இரவு 11.05

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். இரண்டு ஃபைலையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். 2016இல் இரண்டு ராத்திரி, 2018இல் மூன்று ராத்திரி இருந்திருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியதால் ஒரு நாள் கூட வைத்தார்கள். அந்த அறை வாடகையையும் மருந்தையும் கழித்தால் வித்தியாசம் 47 ஆயிரம் இல்லை, 35 ஆயிரம் போல. பலூன் என்று சொன்னது சரி, அளவைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். "புரொசீஜர் சார்ஜ்" என்ற ஒரே வரிதான் 40 ஆயிரத்திலிருந்து 72 ஆயிரம் ஆகியிருக்கிறது. பொருளுக்கு உச்சவரம்பு உண்டு, அந்த வரிக்குக் கிடையாது.

இன்னொன்று, 29,600 என்பது இன்றைய விலை இல்லை. 2018 பிப்ரவரியில் 27,890 ஆக்கினார்கள். பிறகு மொத்த விலைக் குறியீட்டெண் ஏற ஏற இதுவும் ஏறிக்கொண்டு வருகிறது. 2022 ஏப்ரலில் அட்டவணை மருந்துகளுக்கு (விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை) 10.77 சதவீதம், 2023 ஏப்ரலில் 12.12 சதவீதம் ஏற்ற அனுமதித்தார்கள். அந்த இரண்டு ஏப்ரலும் கவுண்டரில் நின்று பதில் சொன்னவன் நான்.

2 அக்டோபர், மாலை 4.20

கடைக்கு இன்று லீவு. மருந்து விலையைப் பற்றி எழுதுகிறேன்.

சட்டையை ஒருவர் எடுத்தால் துணியைத் தடவிப் பார்ப்பார், விலை கேட்பார், அடுத்த கடைக்குப் போவார். மருந்தில் இது நடக்காது. எழுதுகிறவர் டாக்டர், கொடுக்கிறவன் நான், காசு கட்டுகிறவர் ஒன்றும் தெரியாமல் நிற்பார். சீட்டில் இருக்கிற பிராண்டை நான் மாற்றிக் கொடுக்கவும் கூடாது, விதி அப்படி. டாக்டரைக் கேட்காமல் மாற்ற முடியாது. அதனால் கம்பெனி யாரைப் போய்ப் பார்க்கும்? காசு கட்டுகிறவரையா, எழுதுகிறவரையா?

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். செட்டிரிசின். சளி, அரிப்புக்குப் போடுகிற மாத்திரை. பத்து மாத்திரை கொண்ட ஒரு அட்டையில் அச்சிட்ட விலை 18 ரூபாய். என் கடைக்கு வந்த பில்லில் அது 2 ரூபாய் சொச்சம். இந்த வகைச் சரக்கை "ட்ரேட் ஜெனரிக்" என்பார்கள், கம்பெனி ஆள் வந்து டாக்டரைப் பார்ப்பதில்லை, நேராகக் கடைக்கு வரும். மேலே "பத்துக்கு ஒண்ணு ஃப்ரீ" வேறு. 18க்கு விற்றாலும் சட்டப்படி சரி. 12க்கு விற்றால் "நல்ல கடைக்காரர், தள்ளுபடி தருகிறார்" என்று பெயர். பல வருஷம் நான் அந்த நல்ல பெயரோடு இருந்தவன்தான். 2 ரூபாய்ப் பொருளுக்கு 12 வாங்கியிருக்கிறேன். அதை மறைக்க விரும்பவில்லை.

உச்சவரம்பு இருந்தும் எப்படி என்று கேட்பீர்கள். 1995 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு அதன் மேல் விலை வைத்தார்கள். 2013 ஆணையில் அது போய்விட்டது. சந்தையில் 1 சதவீதமாவது பங்கு இருக்கிற பிராண்டுகளின் விலையைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதன் மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்தால் அதுதான் உச்சவரம்பு. ஏற்கெனவே விலை அதிகமாக விற்கிற பிராண்டுகளும் அந்தச் சராசரிக்குள் இருக்கும். செலவு 2 ரூபாய் என்பது அந்தக் கணக்கில் எங்குமே வராது.

அட்டவணையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதும் முக்கியம். 1979இல் 347 மூல மருந்துகள் கட்டுப்பாட்டில் இருந்தன. 1987இல் 142. 1995இல் 70 சொச்சம். 2013க்குப் பிறகு அத்தியாவசியப் பட்டியல் முழுவதும் உள்ளே வந்தது, அது நல்ல மாற்றம். 2022 பட்டியலில் 384 மருந்துகள். வெளியே இருப்பவற்றுக்கு வருஷம் 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம், கேள்வி கிடையாது.

3 அக்டோபர், காலை 6.50

"ஜெனரிக் பெயரில் எழுதச் சொல்லிச் சட்டம் போட்டால் முடிந்தது" என்கிற நண்பருக்கு (ஜெனரிக் பெயர் என்றால் கம்பெனி வைத்த பெயர் இல்லை, மருந்தின் சொந்தப் பெயர்): போட்டார்கள். 2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் விதி கொண்டுவந்தது. 23ஆம் தேதி நிறுத்தி வைத்தார்கள். மூன்று வாரம். டாக்டர்கள் எதிர்த்தார்கள், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது: "நான் ஜெனரிக் பெயர் எழுதினால் எந்தக் கம்பெனி மாத்திரை என்பதைக் கடைக்காரன் தீர்மானிப்பான், அவன் லாபம் அதிகமுள்ளதைத்தான் எடுப்பான்." மேலே நானே எழுதியதைப் படித்தால் அவர்கள் பயம் புரியும். தரத்துக்கு யார் ஜவாப்தாரி என்பதைச் சரிபண்ணாமல் பெயரை மட்டும் மாற்றினால் லாபம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும், அவ்வளவுதான்.

6 அக்டோபர், இரவு 9.30

அப்படியானால் தரத்தையும் விலையையும் சேர்த்துச் சரிபண்ணிய இடம் எங்கேயாவது உண்டா? உண்டு. வெளிநாடெல்லாம் போக வேண்டாம்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994 ஜூலையில் பதிவு செய்தார்கள், 1995 ஜனவரியில் கொள்முதல் ஆரம்பித்தது. அதற்கு முந்தைய நிலைமையை ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். மாத்திரை பெரிய தகர டப்பாவில் வரும். கையால் அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் அடியில் இருப்பது கரைந்து மாவாகிவிடும். ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து மலையாகக் குவிந்து காலாவதியாகும், பக்கத்து ஆஸ்பத்திரியில் அதே மருந்து இருக்காது.

கழகம் வந்த பிறகு நடந்தது இது. மாநிலம் முழுவதற்கும் வேண்டிய மருந்தை ஜெனரிக் பெயரில் பட்டியல் போட்டு ஒரே டெண்டர். இரண்டு கவர். முதல் கவரில் கம்பெனியின் தகுதி, தொழிற்சாலை, உரிமம். அதில் தேறியவர்களின் விலைக் கவரை மட்டும்தான் பிரிப்பார்கள். குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர், அந்த விலைக்கு இறங்கி வருகிற மற்றவர்களுக்கும் பங்கு உண்டு. மாவட்டக் கிடங்குக்குச் சரக்கு வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகாது. ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயர் தெரியாமல் ரகசிய எண் போட்டு, வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் சரக்கு அசையும். தேறாவிட்டால் கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்பத் தவறினால் கறுப்புப் பட்டியல்.

எனக்குப் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் வங்கி பாஸ்புக் மாதிரி ஒன்று. வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று வரவு வைத்திருக்கும். மருந்து எடுக்க எடுக்கப் பற்று எழுதுவார்கள். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிப்பது அங்கே நோயாளியைப் பார்க்கிறவர்கள். பாம்புக்கடி அதிகமுள்ள ஊரில் விஷமுறிவு மருந்தை அதிகம் எடுப்பார்கள். மேலிருந்து ஏதோ அனுப்பினார்கள், வந்ததை வைத்துக்கொண்டோம் என்கிற நிலை இல்லை.

கேரளத்தில் 2008இலும் ராஜஸ்தானில் 2011இலும் இதே மாதிரிக் கழகம் செயல்படத் தொடங்கியது. இங்கிருந்து படித்துக்கொண்டு போனதுதான்.

ஒரு மருந்து வியாபாரியாக என் எண்ணத்தைச் சொல்கிறேன்: ஏழு கோடிப் பேருக்காக ஒருவர் போய் விலை கேட்கும்போது கம்பெனி இறங்கி வரும். ஏழு கோடிப் பேர் தனித்தனியாக என் கவுண்டரில் வந்து நின்றால் யாரும் இறங்கி வரமாட்டார்கள். கொள்கை என்று எதையாவது மாற்ற வேண்டுமென்றால் இந்த இடத்தில்தான் கை வைக்க வேண்டும்.

7 அக்டோபர், காலை 7.00

அப்பா நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "கவர்மென்ட் மாத்திரை வேலை செய்யாதுன்னு நானே சொல்லிட்டிருப்பேனே, அதை எழுதலையா?" என்றார். எழுதிவிட்டேன்.

11 அக்டோபர், இரவு 10.15

மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். "பாஸ்புக் எல்லாம் சரி, ஜன்னலில் போய் நின்றால் 'இது ஸ்டாக் இல்லை, வெளிய வாங்கிக்கங்க' என்று சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்." உண்மை. அந்தச் சீட்டோடு வருகிறவர்கள் என் கடைக்குத்தான் வருகிறார்கள்.

போன மாதம் ஒரு அம்மா வந்தார். சீட்டில் ஐந்து மருந்து, மூன்றை உள்ளே கொடுத்துவிட்டு இரண்டைச் சுழித்துவிட்டிருந்தார்கள். அந்த இரண்டுக்கும் 340 ரூபாய். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணினார், 210 இருந்தது. "பத்து நாளைக்கு மட்டும் குடு தம்பி" என்றார். பஸ்ஸுக்கு எடுத்து வைத்துக்கொண்டு மீதிக்கு ஒன்பது நாள் மருந்து வாங்கிப் போனார். அன்றைக்குக் கூலி வேலையும் போயிருக்கும்.

இலவசம் என்றால் எல்லாம் இருக்க வேண்டும். ஐந்தில் மூன்று இலவசம் என்றால், விலை கூடின இரண்டும் அவர் தலையில்தான் விழுகிறது. கழகத்தைப் பாராட்டி எழுதியபோது இதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் அம்மாவுக்கு நடப்பது வேறு மாதிரி. கிராமத்தில் இருக்கிறார், ரத்தக் கொதிப்பு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் ஊருக்கும் வந்த பிறகு, சுகாதாரத் தன்னார்வலப் பெண் ஒருவர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். திண்ணையில் உட்கார்ந்து, முந்தைய அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணிப் பார்ப்பார். மிச்சம் இருந்தால் அம்மாவுக்குத் திட்டு விழும். அம்மா டவுனுக்குப் போய் வர ஆகிற பஸ் காசும் ஒரு நாளும் மிச்சம். அந்த மாத்திரையின் கொள்முதல் விலை சில ரூபாய். இதுவே ஒரு பக்கவாதம் வந்திருந்தால் எந்தப் பாலிசி எவ்வளவு கட்டும்?

15 அக்டோபர், இரவு 11.40

காப்பீட்டைப் பற்றி நான் ஆரம்பத்தில் எழுதியதை முழுசாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் அத்தை மகள் படித்துவிட்டு போன் பண்ணினாள். "மாமா, அம்மா பிழைச்சது அந்தக் கார்டாலதானே, மறந்துட்டீங்களா?" என்றாள்.

மறக்கவில்லை, எழுதத் தோன்றவில்லை. அத்தைக்கு 2019இல் மார்பகப் புற்றுநோய். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில்தான் ஆபரேஷன், கீமோ எல்லாம். கையிலிருந்து போனது பஸ் காசும் சாப்பாடும். நான் தெரிந்துகொண்ட விஷயம், அந்த அட்டையில் அரசு மருத்துவமனையும் தொகை கோரலாம், வருகிற பணத்தில் ஒரு பகுதி அதே மருத்துவமனையின் மேம்பாட்டுக்குப் போகிறது. ஆக அங்கே காப்பீடும் அரசு ஆஸ்பத்திரியும் எதிரெதிர்க் கட்சி இல்லை.

இந்த அட்டைக்கு ஒரு வரலாறு. 2007இல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ. 2009இல் இங்கே கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012இல் இப்போதைய வடிவம். 2018இல் மத்திய அரசின் 5 லட்ச ரூபாய்த் திட்டம் வந்தபின் அதோடு இணைத்தார்கள். வருமான வரம்பு 72,000ஆக இருந்து பிறகு 1,20,000 ஆனது. இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு முன்கூட்டியே ஒரு தொகை குறித்திருக்கிறது. அதாவது இதுவும் மொத்தக் கொள்முதல்தான், மாத்திரைக்குப் பதில் ஆபரேஷனை வாங்குகிறார்கள். ஆகவே என் ஆட்சேபம் காப்பீட்டின் மேல் இல்லை. விலை குறிக்காமல் பில்லை மட்டும் கட்டுகிற காப்பீட்டின் மேல்தான். வைகைக்கரை நண்பர் கேட்டது அந்த இரண்டாவது வகை.

ஆனால் ஒரு ஓட்டை. எங்கள் தெருக்காரர் ஒருவர் இதே அட்டையோடு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். "ஆபரேஷன் கார்டில் வரும், இந்த டெஸ்ட் மட்டும் வராது" என்று 14,000 வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அட்டையை மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் புகார் கொடுக்கவில்லை. விலை குறித்தால் மட்டும் போதாது, புகார் கொடுத்தவரைக் காப்பாற்ற ஆள் வேண்டும்.

19 அக்டோபர், காலை 8.10

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நண்பர், "மொத்தக் கொள்முதலை உங்கட ஆக்கள்தான் தொடங்கினதெண்டு எழுதாதேங்கோ" என்று எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். 1971இலேயே இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை அமைத்தார். நாட்டுக்குள் வருகிற மருந்தை ஜெனரிக் பெயரில் பட்டியல் சுருக்கி, டெண்டர் விட்டு, ஒரே இடத்தில் வாங்குவது அவர் வழி. பிற்பாடு உலக அளவில் அத்தியாவசிய மருந்துகள் பற்றிப் பேசியவர்களுக்கெல்லாம் அது முன்மாதிரி. நம்முடையதைவிட 20 வருஷத்துக்கு மேல் மூத்தது.

19 அக்டோபர், இரவு 9.55

பேச்சு காப்புரிமைக்குப் போய்விட்டது. சுருக்கமாக.

இமாடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து. வெளிநாட்டு பிராண்டுக்கு அப்போது மாதம் ஒரு லட்சத்துக்கு மேல், நம் நாட்டு ஜெனரிக் 10 ஆயிரத்துக்குள். நோவார்டிஸ் கம்பெனி காப்புரிமை கேட்ட மனுவை 2006இல் தள்ளியது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது, 2007இல் தோற்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பலன் கூடாமல் பழைய மருந்தைக் கொஞ்சம் உருமாற்றி மட்டும் புதுக் காப்புரிமை கேட்க முடியாது என்கிற 3(டி) பிரிவு சட்டத்தில் இருந்ததால் இது நடந்தது. 2012இல் சொராபெனிப் என்கிற புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமைக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வேறு கம்பெனி தயாரிக்க அரசு தரும் அனுமதி) கொடுத்தபோது மாதம் 2,80,000 என்பது 8,880 ஆனது. வேதியியல் அதேதான். விலையை மாற்றியது சட்டத்தின் ஒரு வரி.

26 அக்டோபர், மாலை 5.30

புள்ளிவிவரம் கேட்டவருக்கு: தேசியச் சுகாதாரக் கணக்குப்படி மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து போடுவது 2014-15இல் 62.6 சதவீதம், 2021-22இல் 39.4. இறங்கியிருக்கிறது. அரசு செலவழிப்பது அதே 2021-22இல் நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025க்குள் 2.5 ஆக்குவோம் என்று 2017 தேசியச் சுகாதாரக் கொள்கையில் எழுதினார்கள். அந்த வருஷம் இதோ முடியப் போகிறது. எனக்கு 62.6, 39.4 எல்லாம் நினைவில் நிற்பதில்லை. 340க்கு 210 எண்ணிய கைதான் நிற்கிறது.

9 நவம்பர், இரவு 10.20

வைகைக்கரை நண்பர் போனில் பேசினார். பாலிசி போட்டுவிட்டாராம். போடட்டும், நானும் வைத்திருக்கிறேன். அவருடைய அப்பாவின் மாத்திரைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆறு மாத்திரை, மாதம் 2,150 ரூபாய். இதைப் பாலிசி கட்டாது, ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கட்டும். ஜெனரிக் பெயர்களை எழுதிக் கொடுத்து, டாக்டரிடம் கேட்டுவிட்டு, குறைந்த விலைக்கு ஜெனரிக் விற்கிற மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ விசாரிக்கச் சொன்னேன். நான்கு மாத்திரைக்கு டாக்டர் சரி என்றாராம். இரண்டை மாற்ற வேண்டாம் என்றாராம். மாதம் 900க்குள் வந்துவிட்டது.

அதன் பிறகு எனக்கு ஒன்று உறுத்தியது. உச்சவரம்பு விலைப் பட்டியலைக் கடையில் வாடிக்கையாளர் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று விலைக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இருக்கிறது. என் கடையில் அது மேஜை டிராயரில் ஃபைலுக்குள் கிடந்தது, ஆங்கிலத்தில். இன்றைக்கு ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வந்தேன். அதிகம் விற்கிற மருந்துகளை ஜெனரிக் பெயரோடு தமிழில் எழுதி, பக்கத்தில் ஒரு மாத்திரைக்கு எத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றும் எழுதுகிறேன். 62 மருந்து முடிந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பெரிசாக இருக்கிறதா என்று தூரத்திலிருந்து படித்துப் பார்த்துச் சொல்கிறார். தைராய்டு மாத்திரை வரைக்கும் வந்திருக்கிறோம். மீதியை நாளைக்கு.